பணிமனையின் திறந்த வாயில்

மனிதன் தன் கையாற் படைத்த பொருள்களுள் சிலவற்றினிடத்துப் பேரன்பு பூணுதல் உலகியற்கை. மாலுமிக்கு அவனது கப்பலும், உழவனுக்கு அவனது ஏரும், வண்டிக்காரனுக்கு அவனது வண்டியும் வெறுஞ் சடப்பொருள்களாகத் தோன்றுவதில்லை. ஆயினும், தான் ஓட்டாததும், தனக்கு உரிமையில்லாததும், தனக்கு ஊதியம் அளிக்காததுமாகிய ஒரு வண்டியினிடத்து அன்பு வைத்து, அதன் எண்ணையும் பிறப்பு வரலாற்றையும் ஏட்டிற் குறித்துக்கொண்டு, விடுமுறை நாளில் அது தங்கும் கொட்டகையைத் தேடிச் செல்லும் மாந்தரும் உலகில் உளர். அவர்களைப் போக்குவரத்து ஆர்வலர் என்று அழைக்கிறோம். அவர்களைக் கண்டு நகைப்போர் பலர். அவர்களது செயலில் நம் மாணாக்கர்க்கும் நம் நாட்டிற்கும் பயன்படத்தக்க பெரியதொரு விஷயம் அடங்கியிருக்கிறதென்பது நமது அபிப்பிராயம். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்து தேசத்தில் பஸ் பணிமனைகள் சிற்சில சமயங்களில் தங்கள் வாயில்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். பணிமனை கட்டப்பெற்று ஐம்பது ஆண்டோ நூறு ஆண்டோ நிறைவெய்தும்போதும், பழைய வண்டி வகையொன்று சேவையினின்றும் நீங்கும்போதும், தருமகாரியம் ஒன்றிற்குப் பொருள் திரட்ட விரும்பும்போதும் இவ்வாறு செய்கின்றனர். இதனைத் ‘திறந்த நாள்’ என்பர். லண்டன் மாநகரில் நாம் சிறிது காலம் தங்கியிருந்தபோது இத்தகைய நாள்கள் இரண்டொன்றிற்குச் சென்று காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று.

அங்கு நாம் கண்டவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். பணிமனையின் முன்றிலில் பழைய பஸ்களும் புதிய பஸ்களும் அணிவகுத்து நின்றன. பழையன யாவும் தனிப்பட்ட அன்பர்கள் தங்கள் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் புதுப்பித்துக் காத்துவருபவை. அவற்றுட் சில தாமே ஓடிவந்தன. ஓட இயலாத ஒன்றைப் பெரிய லாரியின்மேல் ஏற்றிக்கொண்டு வந்தனர். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்னும் நம்மவர் பழமொழி அப்போது நம் நினைவிற்கு வந்தது. ஒரு மூலையில் பழைய பிரயாணச் சீட்டுகளும், கால அட்டவணைகளும், ஊர்ப்பெயர் எழுதிய துணிச் சுருள்களும் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. மற்றொரு மூலையில், சிறுவர் சிறுமியரை ஒரு பஸ்ஸினுள் அமர்த்தி, பஸ்ஸைக் கழுவும் யந்திரத்தின் ஊடே மெல்லச் செலுத்தினர். சுழலும் பெருந் தூரிகைகள் சன்னல்களில் மோதி நீரை வாரி இறைத்தபோது அக்குழந்தைகள் எழுப்பிய ஆரவாரம் பணிமனை முழுதும் கேட்டது.

ஆயினும் நம் மனத்தை மிகக் கவர்ந்தது வேறொன்று. வண்டியின் அடிப்பாகத்தைப் பார்வையிடுவதற்காகத் தரையில் வெட்டப்பட்டுள்ள நீண்ட குழிகளுள் ஒன்றில் பார்வையாளரைச் சிறு சிறு கூட்டமாக இறக்கினர். தலைக்குமேலே பத்து டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள பஸ் நிற்கிறது. எண்ணெய்க் கறை படிந்த உடையுடன் தொழிலாளர் ஒருவர் கைவிளக்கைப் பிடித்து ஒவ்வோர் உறுப்பாகக் காட்டுகிறார். காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளைப்பற்றி அவர் கூறியதை நாம் மறக்கவில்லை. காற்றழுத்தம் குறைந்திருக்கும்போது வலிய வில்சுருள் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் போதிய அளவிற்கு ஏறியபின்னரே சக்கரம் விடுபடும். அதிகாலையில் ஓட்டுநர் யந்திரத்தை ஓடவிட்டு வாளா அமர்ந்திருப்பதாக நாம் எண்ணும்போது, உண்மையில் அவர் அந்த அழுத்தம் ஏறுவதற்காகக் காத்திருக்கிறார். அத்தொழிலாளர் பேச்சில் அலங்காரம் யாதும் இல்லை. தாம் அறிந்ததைத் தமது சொல்லிற் கூறினார். கேட்டு நின்றவருள் கல்வியிற் சிறந்தவரும் இருந்தனர். அவர்கள் அனைவரும் அவ்வேளை அவருக்கு மாணாக்கராயினர்.

பணிமனை என்பது தகரக் கொட்டகை என்று எண்ணுவார்க்கு லண்டனின் தென்பகுதியிலுள்ள ஸ்டாக்வெல் பணிமனையைக் காட்டவேண்டும். 1952 ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. போருக்குப் பின் உருக்கு கிடைப்பது அரிதாயிருந்தமையால் காங்கிரீட்டினாலேயே கூரையை வளைத்துக் கட்டினர். ஏறத்தாழ 194 அடி அகலத்திற்கு நடுவில் ஒரு தூணும் இன்றிக் கூரை நிற்கின்றது. 200 பஸ்கள் அதன்கீழ்த் தங்கக்கூடும். தூண் இருப்பின் பஸ்களைத் திருப்புதல் கடினம் என்னும் எளிய தேவையிலிருந்தே அவ்வழகு பிறந்தது. 1988 ஆம் ஆண்டில் அதனைப் பாதுகாக்கத்தக்க சிறப்புக் கட்டடங்களுள் ஒன்றாக அந்நாட்டு அரசாங்கம் சேர்த்தது. இத்தகைய கட்டடம் பொதுமக்களின் கண்ணுக்கு மறைந்திருப்பின் அதன் அருமையை உணர்ந்து காக்குமாறு கேட்பவர் யாவர்?

இனி வண்டிகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1910 ஆம் ஆண்டில் லண்டனில் தோன்றிய ‘பி’ வகை மோட்டார் பஸ்ஸின் உறுப்புகள் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற்றிப் பொருத்தத்தக்கனவாய் அமைந்தன. குதிரை பஸ்ஸை வென்றது வேகம் மட்டுமன்று. இவ்வொழுங்கும் அவ்வெற்றிக்குக் காரணமாயிற்று. 1914 ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டபோது அவ்வகை பஸ்கள் ஏறத்தாழ 900 போர்முனைக்குச் சென்று படைவீரரைச் சுமந்தன. 1939 ஆம் ஆண்டில் ‘ஆர். டி.’ என்னும் வகை தோன்றிற்று. 1954 வரையில் அக்குடும்பத்தைச் சார்ந்த பஸ்கள் ஏறத்தாழ 7,000 கட்டப்பட்டன. அதன்பின் வந்ததே உலகப்புகழ் பெற்ற ‘ரூட்மாஸ்டர்’. அலுமினியத்தாற் கட்டிய உடலையுடைய அவ்வண்டியில் 64 பேர் அமரலாம். 56 பேரைச் சுமந்த பழைய வண்டியினும் அது எடையிற் குறைந்தது. 1954 முதல் 1968 வரை 2,876 ரூட்மாஸ்டர்கள் கட்டப்பட்டன. 2005 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் அவை அன்றாடச் சேவையினின்றும் நீங்கியபோது, அவற்றைக் காணத் திரண்ட மக்கள் கூட்டத்தால் தெருக்கள் நிறைந்தன.

அவ்வண்டிகளைப் பழுதுபார்த்த ஆல்டன்ஹாம் தொழிற்சாலையின் முறை இன்னும் வியப்புடையது. அங்கு வந்த பஸ்ஸின் உடலை அடிச்சட்டத்தினின்றும் பிரித்துப் பாரந்தூக்கியால் வானிற் கொண்டுசெல்வர். உடல் ஒரு வழியிலும் சட்டம் மற்றொரு வழியிலும் செல்லும். பழுது நீங்கியபின், எந்த உடல் ஆயத்தமாயிருக்கிறதோ அதனை ஆயத்தமாயிருக்கும் சட்டத்தின்மேல் வைத்துவிடுவர். ஆகவே உள்ளே சென்ற எண்ணுடன் வெளியே வரும் பஸ் உண்மையில் வேறு உடல் பூண்டு வரும். உறுப்புகள் யாவும் மாறியபின்னும் அதனை அதே பஸ் என்னலாமோ என்பது தத்துவ வகுப்பில் விவாதிக்கத்தக்க வினா. ஆர்வலர் ஏடும் கையுமாய் அலைவதன் பொருள் இப்போது விளங்கும். எந்த உடல் எந்தச் சட்டத்தோடு எக்காலத்திற் கூடிற்றென்பதை அவர்கள் ஆராய்ந்து எழுதிவைத்தனர். 1986 ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, அதன் வரலாற்றில் பெரும்பகுதி இவ்வேடுகளின் உதவியாலேயே உயிர்பெற்று நிற்கிறது.

லண்டனின் மேற்குப் பகுதியில் 1921 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சிஸ்விக் தொழிற்சாலையும் நினைக்கத்தக்கது. வழுக்கும் ஈரத்தளம் ஒன்றை அமைத்து, அதன்மேல் பஸ்ஸை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, அதனை அடக்கும் வித்தையை ஓட்டுநர்க்கு அங்குக் கற்பித்தனர். மேல்தட்டில் பிரயாணிகளுக்குப் பதிலாக மணல்மூட்டைகளை ஏற்றி, பஸ்ஸை ஒருபுறமாகச் சாய்த்துப் பார்க்கும் சோதனையும் அங்கு நடைபெற்றது. இரட்டைத்தட்டு பஸ் 28 பாகை சாய்ந்தும் கவிழாதிருக்கவேண்டும் என்பது அந்நாட்டு விதி. உயரமான வண்டி தெருவில் அச்சமின்றிச் செல்வது தெய்வாதீனத்தால் அன்று. எடை எங்கே அமரவேண்டும் என்று கணக்கிட்டு, சோதித்து, பின்னரே அதனைத் தெருவிற்கு அனுப்பியதால் ஆகும். இதனை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறோம். இதற்குப் பின்னர்த் தேவையுண்டு.

இவ்வாறு பணிமனையைத் திறப்பதால் விளையும் நன்மைகள் யாவை? முதலாவது, உழைப்பிற்கு உரிய மதிப்பு. பஸ் நேரத்திற்கு வாராவிடில் உலகமே ஓட்டுநரையும் நடத்துநரையும் ஏசும். அது நேரத்திற்கு வரும்போது, நள்ளிரவில் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய கையை எவரும் நினைப்பதில்லை. திறந்த நாளில் அக்கையைக் கண்டு வணங்கும் வாய்ப்பு உண்டாகிறது. தொழிலாளரின் மனைவி மக்களும் அன்று வருகின்றனர். தன் தந்தை எங்கே, எவ்வாறு உழைக்கிறார் என்பதைக் காணும் பிள்ளை வீடு திரும்பும்போது முன்போல் இராது. இரண்டாவது, கல்வி. நெம்புகோலும் காற்றழுத்தமும் உராய்வும் புத்தகத்தில் இருக்கும்போது வறண்ட பொருள்கள். குழியினுள் நின்று காணும்போது அவை உயிர்பெறுகின்றன. மூன்றாவது, பொதுப்பொருள் நம்முடையது என்னும் உணர்ச்சி. தன் வரிப்பணத்தால் நடக்கும் காரியத்தின் உட்புறத்தைக் கண்டவன் அதனைக் குறைகூறும்போதும் அறிந்து கூறுவான். அதற்குத் தீங்கு வருமிடத்துத் தடுக்கவும் முற்படுவான்.

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்பார் இருக்கலாம். உறவு உண்டு. இன்று கன்னியாகுமரி மாவட்டமாயுள்ள பகுதி திருவிதாங்கூர் இராச்சியத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், 1938 ஆம் ஆண்டு பிப்ரவரி 20 ஆம் நாள் அவ்விராச்சியத்து அரசாங்கம் பஸ் சேவையைத் தொடங்கிற்று. அதனை அமைத்து நடத்த அழைத்துவரப்பட்ட ஈ. ஜி. சால்ட்டர் என்பவர் லண்டன் பிரயாணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றியவர். ஆகவே நம் தென்கோடியின் அரசாங்க பஸ் முறைக்கும் லண்டன் பணிமனைக்கும் தொடர்பு உண்டென்பது வெளிப்படை. எண்ணூரில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955 ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு கொண்ட கூட்டுறவினால். சென்னை நகரில் அரசாங்க பஸ்கள் 1947 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கின. 1972 ஆம் ஆண்டில் பல்லவன் முதலிய போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அம்மையார் 1993 ஆம் ஆண்டில் அரசு பஸ்ஸின் ஓட்டுநராய்ப் பணியேற்றதும் இவ்வரலாற்றின் சிறந்ததோர் ஏடு. 2021 ஆம் ஆண்டு முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். இத்துணை வரலாறும் இத்துணை மக்கள் தொடர்பும் உடைய ஒரு நிறுவனத்தின் உட்புறத்தை நம்முள் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? பணிமனையின் மதிலும், அதில் எழுதிய ‘அந்நியர் உட்பிரவேசிக்கக் கூடாது’ என்னும் எச்சரிக்கையுமே நாம் அறிந்தவை.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைக் கூறாதிருத்தல் இயலாது. சென்னைக் கல்லூரி மாணாக்கரிடையே ‘பஸ் தினம்’ என்றொரு வழக்கம் உண்டு. தம்மை நாள்தோறும் கல்லூரிக்குக் கொண்டுசேர்க்கும் பஸ்ஸிற்கு மாலை சூட்டி, ஓட்டுநரையும் நடத்துநரையும் பாராட்டி மகிழ்தல் அதன் கருத்து. கருத்து மிக அழகியது. லண்டன் ஆர்வலரின் அன்பிற்கு எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று. ஆயினும் நாளடைவில் அது கூரைமேல் ஏறி ஆடுவதாகவும், வழியை மறிப்பதாகவும், கல்லூரிக்குக் கல்லூரி பகை மூட்டுவதாகவும் திரிந்துபோயிற்று. உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தடைக்குப் பின்னும், 2019 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓடும் பஸ்ஸின் கூரையில் இருந்த மாணாக்கர், பஸ் சட்டென நின்றபோது கொத்தாகச் சரிந்து தெருவில் வீழ்ந்த காட்சியை நாடே கண்டு திடுக்கிட்டது.

மேல்தட்டில் மணல்மூட்டை ஏற்றிச் சோதித்ததை முன்னர்க் கூறினோம். பிரயாணிகள் அமரும் இடம் எதுவோ அதற்கே வண்டி கணக்கிடப்பட்டுள்ளது. கூரையின் தகடும் அதனைத் தாங்கும் வளைசட்டமும் வெயிலையும் மழையையும் தடுக்க அமைந்தவை. அங்கே இருபது வாலிபர் நின்றாடுவர் என்று கருதி எவரும் பஸ்ஸை வகுப்பதில்லை. எடை உயர உயர வண்டியின் நிலைபேறு குறையும் என்பதைப் பௌதிக வகுப்பிற் கற்றவரே அக்கூரைமேல் இருந்தனர். கற்றது கண்முன் நில்லாமையே இதற்குக் காரணம் என்போம். அன்பு அவர்களிடம் இருந்தது. அதற்கு ஏற்ற வாயில் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. தடை விதித்தல் நீதிமன்றத்தின் கடமை. தடைசெய்த இடத்தில் நல்லதொன்றை வைத்தல் கல்லூரிகளின் கடமையும் போக்குவரத்துக் கழகங்களின் கடமையும் ஆகும். பஸ்ஸின் கூரைமேல் ஏறும் இளைஞனைப் பஸ்ஸின் கீழுள்ள குழிக்குள் இறக்கிக் காட்டுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

இதற்கு நாம் கருதும் முறை இது. ஒவ்வொரு பணிமனையும் ஆண்டிற்கு ஒருநாள், பிரயாணிகள் குறைந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், தன் வாயிலைத் திறக்கவேண்டும். அருகிலுள்ள கல்லூரியின் மாணாக்கர் சிலர் முன்கூட்டியே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக நிற்கவேண்டும். டீசல் நிரப்புதல், சக்கரத்திற்குக் காற்றடித்தல், தேய்ந்த டயரைச் சோதித்தல், பிரேக்கைச் சரிசெய்தல், பணிமுறைப் பட்டியல் வகுத்தல் ஆகியவற்றைச் செய்பவரே தம் வாயால் விளக்கவேண்டும். ஓய்வுபெற்ற ஓட்டுநரையும் நடத்துநரையும் அழைத்து, அவர்கள் கண்ட பழைய வழிகளையும் வண்டிகளையும் கூறச்செய்து, மாணாக்கர் எழுதிக்கொள்ள வேண்டும். விபத்தின்றி நெடுங்காலம் ஓட்டியவர்க்கு அந்நாளில் மாலை சூட்டலாம். பஸ் தினத்தின் முதற்கருத்தும் அதுவேயன்றோ?

மறுப்புரைப்பார் கூறுவன மூன்று. பணிமனையில் ஆபத்து உண்டு என்பது ஒன்று. உண்மையே. ஆதலின் ஓடும் வண்டிக்கும் பார்வையாளர்க்கும் இடையே கயிறு கட்டுதலும், கூட்டத்தை அளவோடு விடுதலும் வேண்டும். லண்டனில் செய்வதும் இதுவே. சேவைக்கு இடையூறு நேரும் என்பது இரண்டாவது. பணிமனையின் ஒரு பகுதியை மட்டும் திறந்தால் மற்றப் பகுதியிலிருந்து பஸ்கள் வழக்கம்போற் புறப்படலாம். அப்புறப்பாடும் காணத்தக்க காட்சியே. செலவு யார் தருவது என்பது மூன்றாவது. சிறு கட்டணம் வைத்து, செலவு போக எஞ்சியதைத் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்பிற்கு உதவினால், கொடுப்பவரும் மகிழ்வர், பெறுபவரும் மகிழ்வர்.

இதனை விரைந்து செய்தல் வேண்டுமென்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பணிமனைகள் நம் கண்முன்னரே மாறிவருகின்றன. லண்டனில் வாட்டர்லூ பணிமனை 2016 ஆம் ஆண்டில் முற்றும் மின்சார பஸ்களுக்கு உரியதாயிற்று. சென்னையில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. டீசல் யந்திரத்தின் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் அதன் நோயைக் கூறும் தொழிலாளரின் அறிவு, எழுதி வைக்கப்படாமல் அவருடனேயே ஓய்வுபெற்றுப் போகும் காலம் அணித்தாயிருக்கிறது. லண்டனின் ஆக்டன் பகுதியில் 1999 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட போக்குவரத்துக் காட்சிச்சாலைக் கிடங்கில் 3,20,000க்கும் மேற்பட்ட பொருள்கள் காக்கப்படுகின்றன. ஆண்டிற் சில நாள்களில் மக்கள் அவற்றைக் காணலாம். நம் நாட்டின் பழைய சீட்டுப்பெட்டியும், ஊர்ப்பலகையும், நடத்துநரின் தோற்பையும் எங்கே இருக்கின்றன என்று இன்று கேட்பவர் இலர். கேட்கத் தொடங்கும் நாளில் அவை இல்லாமற் போகக்கூடும்.

மாணாக்க நண்பர்களே! இதற்காக அரசாங்கத்தின் உத்தரவை எதிர்நோக்கி வாளாவிருத்தல் வேண்டுவதில்லை. நம் ஊர்ப் பணிமனையின் மேலாளரைப் பேராசிரியர் ஒருவருடன் சென்று கண்டு, இருபது பேர் ஒரு முற்பகல் வந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஏடும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள். தொழிலாளர் கூறுவதைக் குறுக்கிடாது கேட்டு, அடுத்த ஆண்டு மலரில் அதனை எழுதுங்கள். முன்னாள் மாணாக்கருள் போக்குவரத்துத் துறையில் உயர்பதவி வகிப்பார் இதனைப் படிப்பின், வாயிலைத் திறக்கும் சாவி தம் கையில் உளதென்பதை நினைவார்களாக.